எங்கள் வீட்டு நாய் மெதோர்

ஆகஸ்ட் 6, 2022, சனி

இந்த நோட்டு பேராசிரியர் லூர்துநாதன் சொன்னதால் வாங்கியது. எம்.ஏ. ஃப்ரெஞ்ச் இரண்டாம் ஆண்டில் இருக்கிற பதினான்கு பேரும் தினம் பத்து வரி ஃப்ரெஞ்சில் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். மாதம் ஒருமுறை வாங்கிப் பார்ப்பாராம். இதில் இரண்டு வரி எழுதினேன்: இன்று சனிக்கிழமை, வானிலை நன்றாக இருக்கிறது. உண்மையில் காலையிலிருந்து தூறல். தூறலுக்குச் சொல் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவரிடம் காட்ட வேறு நோட்டு போட்டுக்கொள்கிறேன். இதில் தமிழிலேயே எழுதலாம்.

முதலாண்டு முழுக்க ஆன்லைன். கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு கேட்டோம். பரீட்சையையும் வீட்டிலிருந்தே எழுதி, படம் எடுத்து அனுப்பினோம். நான் முதல் வகுப்பு. இந்த வருடம் சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். மே மாதம் எழுத்துத் தேர்வுகள், பிறகு வைவா. வைவாவில் இருபது நிமிடம் வெளித்தேர்வாளர் முன்னால் ஃப்ரெஞ்சில் பேச வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்றால், தேவை. பிளஸ் டூ வகுப்பு எடுக்கிறவர்கள் அடுத்த ஜூனுக்குள் முதுகலைச் சான்றிதழ் காட்டாவிட்டால் பணி தொடராது என்று கரஸ்பாண்டென்ட் எழுத்தில் கொடுத்துவிட்டார். வில்லிவாக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஃப்ரெஞ்ச் மேடம் நான்தான். என்னிடம் இருப்பது பி.ஏ. வரலாறும் ஒரு ஃப்ரெஞ்ச் டிப்ளமாவும்.

வீட்டில் இவர் சிரிக்கிறார். "இருபத்திரண்டு வருஷமா சொல்லிக்குடுக்கற. இன்னும் என்னத்தப் படிக்கப்போற தாட்சு?"

இன்று முதல் வகுப்பு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். ரொட்டி, வெண்ணெய், பழப்பாகு, பால் விட்ட காபி என்று நான் பிழையில்லாமல் சொன்னேன்.

பேராசிரியர் தமிழில் கேட்டார்: "தினமும் இதேதானா மேடம்? குடுத்துவெச்சவங்க. எனக்கு இன்னைக்கும் பழைய சோறுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாப்பிட்டது நேற்று மிஞ்சிய இட்லியை உதிர்த்த உப்புமா. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்பில் அவளே வந்தாள்.

"மேடம், நான் சங்கவி. உங்க ஸ்டூடண்ட். 2015 பேட்ச்."

"அப்படியாம்மா? ஞாபகம் இல்லையே. எத்தனையோ பிள்ளைங்க."

"பரவால்ல மேடம்."

பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, திங்கள்

பதினோராம் வகுப்புக்குப் பன்னிரண்டு கடிதங்களை ஆரம்பித்தேன். பிளஸ் டூ தாளில் கடிதம் எழுதும் கேள்வி இந்தப் பன்னிரண்டு தலைப்புகளைத் தாண்டி வந்ததே இல்லை. 2004-இல் உட்கார்ந்து தயாரித்தேன். ஒவ்வொன்றும் நூற்றிருபது சொல். ஒரு பிழை கிடையாது. முதலாவது தோழியை அழைக்கும் கடிதம், மூன்றாவது என் வீடும் குடும்பமும், ஐந்தாவது ரயில் பயணம். மனப்பாடம் செய்தவர்கள் யாரும் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனதில்லை. ஃப்ரெஞ்ச் எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று வில்லிவாக்கத்தில் பெற்றோர்கள் பேசிக்கொள்வது இந்தக் கடித நோட்டை நம்பித்தான்.

மூன்றாவது கடிதத்தை இன்று சேர்ந்து சொல்லவைத்தேன். "நாங்கள் கடலோரத்தில் மூன்று மாடி வீட்டில் வசிக்கிறோம். என் அப்பா மருத்துவர். என் அம்மா ஆசிரியை. எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் மெதோர்." முப்பத்தொரு குரல் ஒரே குரலாக. பக்கத்து வகுப்பு கணக்கு சார் ஜன்னலில் தலை நீட்டி, "மேடம், உங்க நாய் நல்லா குரைக்குது" என்றார்.

செப்டம்பர் 17, சனி

பேராசிரியர் நாட்குறிப்பு நோட்டைத் திருப்பித் தந்தார். மற்றவர்கள் நோட்டெல்லாம் சிவப்பாக இருந்தது. என்னுடையதில் ஒரு கோடு இல்லை. கடைசிப் பக்கத்தில் ஃப்ரெஞ்சில் ஒரு வரி மட்டும்: "பிழை இல்லை. ஆனால் நீங்கள் இதில் எங்கே?"

புரியவில்லை. மதிப்பெண்ணும் போடவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

கால் வீக்கம். வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு கிலோ வெங்காயம் உரித்து வெயிலில் வைத்தேன்.

நவம்பர் 12, சனி

உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள் என்றார் பேராசிரியர். சங்கவி எழுந்தாள். கையில் தாள் இல்லை.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடமாக வேலை செய்கிறார் என்றாள். வலது ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. வீட்டுக்கு வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றி உதறுவார். இரும்புச் சீவல் உள்ளே வந்தால் அம்மா திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும்போதும் கை சும்மா இருக்காது, எதையோ பிடித்துத் திருகுவதுபோல அசையும். பேராசிரியர் இடையில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டார். அவள் நிறுத்தினாள், யோசித்தாள், பதில் சொன்னாள். ஓரிடத்தில் தப்பு விட்டு, தானே சிரித்துத் திருத்திக்கொண்டாள். ஆறு நிமிடம் பேசியிருப்பாள்.

கடைசல் தொழிலாளிக்கு அவள் சொன்ன சொல்லைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். தூர்னேர். அம்பத்தூரில் எல்லாரும் சொல்கிற டர்னர்தான். உதட்டைக் கொஞ்சம் குவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் அவள் எப்போதும் இடது கையால் பின்னலைப் பிடித்தபடி பேசுகிறாள். பதினோராம் வகுப்பிலும் அப்படித்தான்.

நவம்பர் 13, ஞாயிறு

என் முறை வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 15, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. பிளஸ் டூவில் நான்கு பேர் சென்டம். அசெம்பிளியில் கைதட்டல். கரஸ்பாண்டென்ட் மைக்கில் "நம்ம ஃப்ரெஞ்ச் மேடம்" என்றார். இறங்கி வந்து காதருகில், "சர்டிபிகேட் ஜூன்ல வந்துடும்ல?" என்றார்.

ஜனவரி 21, 2023, சனி

மதியம் கேன்டீனில் சங்கவி என் மேசைக்கு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பேசாமலிருந்தால் நன்றாக இருக்காது என்பதால் கேட்டேன்.

"எங்கம்மா இப்படிப் பேசக் கத்துக்கிட்ட?"

"திட்டு வாங்கித்தான் மேடம். கால் சென்டர்ல ஃப்ரெஞ்ச் ப்ராசஸ். மார்செய்ங்கற ஊர்ல ஒரு அம்மா, வைஃபை வரலன்னு நாப்பது நிமிஷம் விடாம திட்டுச்சு. பாதி ஃப்ரெஞ்ச் அதுகிட்ட கத்துக்கிட்டதுதான்."

சிரித்தேன். அத்தோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"அதுக்கு முன்னாடியே நான் ஃப்ரான்ஸ் போயிருக்கணும் மேடம். பிளஸ் டூ முடிச்ச வருஷம், லியோன்ல ஒரு காலேஜ், ஸ்காலர்ஷிப்போட. நீங்கதான ரெகமண்டேஷன் லெட்டர் குடுத்தீங்க."

"அப்படியா?"

"எழுத்துப் பரீட்சை பாஸ். அப்புறம் இன்டர்வியூ. ஒரு ஃப்ரெஞ்சுக்கார மேடம். நல்லவங்க. வீட்டப் பத்தி சொல்லும்மான்னாங்க. பயத்துல வாயத் தொறந்தேனா, மூணாவது லெட்டர் வந்துடுச்சு. கடல் பக்கத்துல மூணு மாடி வீடு, அப்பா டாக்டர்னு போய்ட்டே இருக்கேன். நிறுத்தவே தெரியல மேடம். ஓடுது அது பாட்டுக்கு. நாய் பேரு வரைக்கும் சொல்லிட்டேன்."

டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அவங்க ஃபார்ம எடுத்துப் பாத்தாங்க. அதுல அப்பா வேலை லேத் ஆபரேட்டர்னு இருக்கு. அட்ரஸ் ஒரகடம் காலனின்னு இருக்கு. ஒண்ணும் சொல்லல. நாய் என்ன ஜாதின்னு மட்டும் கேட்டாங்க. லெட்டர்ல அது இல்லையே!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"ரிசல்ட்ல என்னம்மா போட்டிருந்தாங்க?"

"ஃப்ரெஞ்ச் பத்தலன்னு போட்டிருந்தாக்கூட பரவால்ல. தவறான தகவல் அளித்தவர்னு போட்டிருந்தாங்க."

"அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"என்னத்த சொல்றது? உன்னை டாக்டராக்கினேன்பா, அதனால சீட்டு போச்சுன்னா?"

டீ ஆறிவிட்டது.

"லெவன்த்ல நான் எங்கப்பா வேலையத்தான் மேடம் எழுதியிருந்தேன். லேத் ஆபரேட்டர்னு இங்கிலீஷ்ல போட்டு, இதுக்கு ஃப்ரெஞ்ச்ல என்னன்னு பக்கத்துல கேட்டிருந்தேன். நீங்க சிவப்புப் பேனால அடிச்சுட்டு டாக்டர்னு எழுதினீங்க."

"அது சிலபஸ்ல இல்லம்மா" என்றேன்.

"ஆமா மேடம். இல்ல."

இரண்டாம் மணி அடித்தது. டீக்கு அவளே கொடுத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். நேர்காணலில் ஒருத்தி வாயிலிருந்து என்ன வரும் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜனவரி 22, ஞாயிறு

அந்தச் சொல் சிலபஸில் இல்லை என்பது உண்மை. பாடப்புத்தகம் எடுத்துப் பார்த்தேன். மருத்துவர், ஆசிரியர், வக்கீல், பொறியாளர், ரொட்டிக் கடைக்காரர். இவ்வளவுதான்.

ஸ்டாஃப் ரூமில் அப்போது ஒரு பெரிய ஃப்ரெஞ்ச் அகராதி இருந்தது. பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி ஹிந்தி மிஸ்ஸிடம். கேட்டால், ஃப்ரெஞ்ச் மேடத்துக்கு எதற்கு டிக்‌ஷனரி என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் சொல்வார்.

ரெகமண்டேஷன் கடிதத்தில் நான் எழுதிய வரி: இந்த மாணவி ஃப்ரெஞ்சில் சரளமாகப் பேசக்கூடியவர். அவள் பேசி நான் கேட்டதில்லை. வகுப்பில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மதியம் முருங்கைக்காய் சாம்பார். உப்பு கூடிவிட்டது என்றார் இவர்.

ஜனவரி 24, செவ்வாய்

பதினோராம் வகுப்பில் நஸ்ரின் எழுந்து கேட்டாள்: "மேடம், எங்க வீட்ல நாய் இல்ல, பூனைதான் இருக்கு. பூனைன்னு எழுதலாமா?"

"வேணாம். நாய்னே எழுது."

"ஏன் மேடம்?"

"பூனைன்னு எழுதினா அடுத்த நாலு வரியும் மாத்தணும். மாத்தினா தப்பு வரும். உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 18, சனி

பேராசிரியர் வைவா பயிற்சி வைத்தார். என்னிடம் அவர் கேட்டது, உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு மோட்டார் ரூம் தெரியும், அதன் மேல் பிளாஸ்டிக் டேங்க். கடல் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

"வில்லிவாக்கத்துலயா மேடம்? எப்ப வந்துச்சு? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே" என்றார்.

வெளியே வந்ததும் சங்கவி கூடவே நடந்தாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சு ஒரு மணி நேரம் உக்காரலாமா? நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. எதையும் எழுதிவெச்சுக்காம. தப்புத் தப்பா வந்தாலும் பரவால்ல."

சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்ச். நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள். புளிக்குழம்பு. புளிக்கு எனக்குச் சொல் தெரியவில்லை. "சொல் தெரியலன்னா சுத்திப் போங்க மேடம். புளிப்பா இருக்கற ஒரு பழுப்புப் பழம், தண்ணில ஊறவெச்சுப் பிழியறதுன்னு சொல்லுங்க." சொன்னேன். நாலு தப்பு. அவள் திருத்தவில்லை, அடுத்த கேள்விக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் பதினைந்து வாக்கியம் சொல்லியிருப்பேன். எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பேசுவதுபோல இருந்தது. நாவு உலர்ந்து போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில், கண்டக்டர் சில்லறை இல்லை என்று ஒரு கிழவரிடம் கத்தியதை மனதுக்குள் ஃப்ரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். பாதி வந்தது.

பிப்ரவரி 26, ஞாயிறு

இரண்டாவது முறை. இன்று கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் முதலாண்டுப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கி நிறுத்தியபோது ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். சங்கவி "அவங்களுக்கும் இதே கதைதான் மேடம், நீங்க சொல்லுங்க" என்றாள். என்னிடம் படித்த பெண் என்னைத் தேற்றுகிறாள்.

மார்ச் 5, ஞாயிறு

கல்யாணம் இருக்கிறது என்று சங்கவிக்கு மெசேஜ் அனுப்பினேன். கல்யாணம் எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து வைவாவுக்கு வரக்கூடிய முப்பது கேள்விகளும் பதில்களும் எழுதி முடித்தேன். பிழை கிடையாது.

மார்ச் 12, ஞாயிறு

இன்றும் கல்யாணம். "சரி மேடம்" என்று பதில் வந்தது. அடுத்த வாரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

முப்பதும் மனப்பாடம். இவரிடம் தாளைக் கொடுத்து ஒப்பித்தேன். "எனக்கு என்ன புரியுது, ஆனா ரயில் மாதிரி போகுது" என்றார்.

மே 13, சனி

வைவா முடிந்தது. பரவாயில்லை. சௌசௌ கூட்டு, அப்பளம்.

மே 16, செவ்வாய்

பரவாயில்லை என்று எழுதியிருக்கிறேன். நடந்தது இது.

காரைக்காலிலிருந்து வந்த அம்மாள்தான் வெளித்தேர்வாளர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். உட்காரச் சொன்னார். என் முப்பது கேள்விகளில் எதையும் கேட்கவில்லை. "இன்று காலை இங்கே எப்படி வந்தீர்கள்?" என்றார். என்னைச் சகஜமாக்கத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நான் வந்தது பஸ்ஸில். பஸ்ஸுக்கு ஃப்ரெஞ்சிலும் பஸ்தான்.

வாயைத் திறந்தேன். ஐந்தாவது கடிதம் வந்தது. "பாரிஸ் நகரிலிருந்து அதிவேக ரயிலில் புறப்பட்டோம். எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வயல்கள் பச்சையாக இருந்தன." அது எனக்கே கேட்டது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. அடுத்த வரி தயாராக நின்றது, அதற்கடுத்தது அதன் பின்னால் நின்றது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மலையடிவார ஸ்டேஷனில் இறங்கி, மாமாவைக் கட்டிக்கொண்டு, "அன்பு முத்தங்களுடன்" என்று கடிதத்தை முடித்த பிறகுதான் நின்றது.

"நன்றி மேடம்" என்றார் அந்த அம்மாள். தமிழில்.

கதவு திறந்தே இருந்தது. அடுத்த எண் சங்கவியுடையது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்தபோது எழுந்து நின்றாள், வகுப்பில் நான் நுழையும்போது நின்றதுபோல. முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைத்தான் பார்த்தேன். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

ஜூன் 3, சனி

எழுத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. வைவாவில் தேர்ச்சி இல்லை. மறுதேர்வு அடுத்த மே மாதம்.

ஜூன் 6, செவ்வாய்

கரஸ்பாண்டென்ட் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னார். ஜூஸ் வரவழைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"நானா பண்றேன் மேடம்? மேல கேக்கறாங்க. முடிச்சுட்டு வாங்க, பாத்துக்கலாம்."

"சார், ஒரு வருஷம் டைம் குடுங்க."

"போன வருஷமும் அதான குடுத்தேன்?" பிறகு ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இந்தப் பொண்ணு அப்ளை பண்ணியிருக்கு. நம்ம ஸ்கூல்தானாம். வேலை பாத்த கம்பெனி மூட்டை கட்டிடுச்சாம். எப்படி?"

சங்கவியின் விண்ணப்பம். கால் சென்டர்காரர்கள் ஃப்ரெஞ்ச் ப்ராசஸை மடகாஸ்கருக்கு மாற்றிவிட்டார்கள் என்று வகுப்பில் யாரோ சொன்னது நினைவு வந்தது.

"நல்லாப் பேசுவா சார்" என்றேன்.

"பேசி என்ன மேடம் பண்றது? யார்கிட்ட பேசப்போறாங்க, ஆட்டோக்காரன்கிட்டயா? மார்க் எடுத்துக் குடுப்பாளா, அதச் சொல்லுங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "எங்கிட்ட பிளஸ் டூல இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு எடுத்தவ சார்."

"அப்ப உங்க மெத்தட்தான். போதும்."

ஜூஸைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். மீதி வைத்தால் கோபம் என்று நினைப்பார்.

ஜூன் 14, புதன்

பள்ளிகள் திறந்தன. பழைய பேப்பர்காரர் வந்தார். பாடப்புத்தகங்கள், கேள்வித்தாள் கட்டு, பன்னிரண்டு கடித நோட்டு எல்லாவற்றையும் போட்டேன். நோட்டு அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் தராசில் வைத்தார். அட்டைக்கு எடை கிடையாதாம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் மார்க்கெட்டில் நஸ்ரினின் அம்மாவைப் பார்த்தேன். "புது மேடம் மனப்பாடமே குடுக்கறது இல்லீங்க. வீட்ல பூனைகிட்ட ஃப்ரெஞ்ச் பேசிட்டு இருக்கா எம்பொண்ணு" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன், கொத்தமல்லியைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

காலை பதினொரு மணிக்குச் சங்கவி வந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். இவர்தான் கதவைத் திறந்தார்.

"வாம்மா. உங்க மேடம் இப்ப எனக்கு மட்டும்தான் கிளாஸ் எடுக்கறாங்க. நான் டெய்லி ஃபெயில்" என்றார். அவள் சிரித்தாள். இவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

காபி கொடுத்தேன். இளைத்திருந்தாள். பள்ளியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

மூன்று மாதம் ஒரு கடிதம்கூட மனப்பாடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளைப் பேசவைத்தாள். நஸ்ரின் தன் பூனையைப் பற்றி நாலு நிமிடம் பேசினாள், தட்டுத்தடுமாறி. அதைச் சங்கவி ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறாள். எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னணியில் மற்ற பிள்ளைகள் சிரிப்பதும், ஒருத்தி "பூனைக்கு வாலு இருக்கா கேளு" என்று கத்துவதும் கேட்டது. அந்த வகுப்பில் நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

"காலாண்டுல நஸ்ரின் அறுபத்திரண்டு மேடம். பூனையப் பத்தித்தான் எழுதியிருக்கா. பதிமூணு தப்பு. தாள் வெளி ஸ்கூலுக்குப் போச்சு, ஒவ்வொண்ணுக்கும் மார்க் கொறச்சுட்டாங்க. ஒருத்தர்கூட தொண்ணூறு தாண்டல. நஸ்ரின் அப்பா வந்து ஆபீஸ்ல நின்னு கத்தினாரு. ஃப்ரெஞ்ச் எடுத்ததே மார்க்குக்குத்தான், இதுக்கு தமிழே படிச்சிருப்பாளேன்னு."

"கரஸ்பாண்டென்ட்?"

"அரையாண்டு பாத்துட்டு முடிவு பண்றேன்னுட்டாரு."

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அப்பாவுக்கு ஒரு கண்ணு சரியில்ல மேடம். பட்டறைல வேணாம்னுட்டாங்க." பிறகு, என்னைப் பார்க்காமல், "அந்த நோட்டு இருக்கா?" என்றாள்.

இந்தக் கேள்வியை அவள் என்றாவது கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஜூன் மாதத்தில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைத்த மாதிரி இல்லை.

"பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன்."

தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. எழுதிக்கறியா?"

தோள்பையிலிருந்து கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்தாள். நோட்டு புதிது, பேனாவும் புதிது. கேட்டுவிட்டுத்தான் போவது என்று வந்திருக்கிறாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். முதல் கடிதம் சொன்னேன். எழுதினாள். இரண்டாவதில் ஒரு வரி எனக்கு மறந்துவிட்டது. உத்தரத்தைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். பேனா நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் அந்த வரி தாளில் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது.

"உனக்கே தெரியுதேம்மா. அப்புறம் எதுக்கு வந்த?"

"தெரியும் மேடம்." நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்னு இருக்கட்டும்."

மூன்றாவது கடிதம். நாங்கள் கடலோரத்தில் மூன்று மாடி வீட்டில் வசிக்கிறோம் என்றேன். எழுதினாள். என் அப்பா என்று தொடங்கி நிறுத்தினேன். இடது கை பின்னலைப் பிடித்திருந்தது. வலது கை "மருத்துவர்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தது.

"தூர்னேர்னு போடும்மா" என்றேன். "ஒரு இடத்துலதான. அந்த ஒரு சொல்லு மட்டும்."

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம் மேடம். திருத்தறவங்களுக்கு அந்தச் சொல்லு தெரியாது. அடிச்சுடுவாங்க."

மேலே மாடியில் இவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. சங்கவி பேனாவை அடுத்த வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் சொன்னேன்: என் அம்மா ஆசிரியை. எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் மெதோர்.